ஐந்தாவது பட்டன்

ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் என் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறவியிலேயே கண் தெரியாது. பொறுமையும் பிறவியிலேயே கிடையாது. அவளுடைய ஃபோன் திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் அது நமக்குத் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்தான்.

நாம் கண்ட இடத்தில் தட்டிவிடுவோம். அவளோ விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஃபோன் சொல்வதைக் கேட்டு, வேண்டியது வந்த பிறகே தட்ட வேண்டும். ஒரு மெசேஜுக்குப் பதினொரு தள்ளல் என்று எண்ணி வைத்திருக்கிறாள். அதனால் ஓய்ந்த நேரமெல்லாம் ஃபோனுக்கு வேலை பழக்குவதே அவள் வேலை. ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் அம்மாவுக்கு "கிளம்பிட்டேன்" தானாகப் போகும். எனக்குத் தினமும் ஒரு மணிக்கு "சாப்பிட்டியா?" வரும். என்ன பாசம் என்று உருகிப்போயிருந்தேன், ஒரு நாள் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடும்போதும் அது வரும்வரை.

"சோம்பேறிக் கழுதை," என்பாள் அம்மா.

"சோம்பேறி இல்லம்மா, விரல் தேயாம பாத்துக்கறேன்."

அக்கா ஒரு கம்பெனியில் டெலிஃபோன் ஆபரேட்டர். அங்கே வருகை பதிய ஓர் ஆப் உண்டு. அதைச் செய்த புண்ணியவான் பட்டன்களுக்குப் படம் போட்டான், பெயர் வைக்கவில்லை. அக்காவின் ஃபோன் "பட்டன், பட்டன், பட்டன்" என்று புலம்பும். ஐந்தாவதுதான் வருகை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அப்புறமென்ன, ஃபோனின் முதுகில் இரண்டு தட்டு தட்டினால் அதுவே ஐந்தாவதை அமுக்கிவிட்டு "முடிஞ்சது" என்று சொல்லும்படி பழக்கிவிட்டாள்.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்கு வர முடியாது. அக்கா பக்கத்தில் இல்லாமல் பிரசவ அறைக்குள் போக எனக்கு உண்மையாகவே பயம். அதற்காகவே அவள் பத்து நாள் லீவைச் சேர்த்து வைத்திருந்தாள். அதைக் கேட்டு விண்ணப்பித்தபோது ஃபோன் சொன்னது: "விடுப்பு மீதம் பூஜ்யம்."

நான் அழுதேவிட்டேன். பிறகு அவள் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வாரம் முன்பு ஆப் புதுசாகி, மேலே ஒரு பட்டன் கூடியிருந்தது. ஐந்தாவது இப்போது "இன்று விடுப்பு". அக்கா ஆபீஸிலேயே உட்கார்ந்து பத்து நாள் லீவு எடுத்திருக்கிறாள்! யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் பத்துக்கும் அனுமதி கொடுத்தவர் அவளுடைய மேனேஜர். ஆபீஸில் அவருக்கு "ஓகே சார்" என்றுதான் பட்டப்பெயர்.

மறுநாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

"ஆப்ல பதிவாயிருச்சேம்மா. எடுத்த லீவு எடுத்ததுதானே?" என்றார் ஓகே சார்.

"எடுக்கல சார்," என்றாள் அக்கா. "அந்தப் பத்து நாளும் பதினொரு மணிக்கு உங்க வீட்டம்மா கூப்பிட்டப்போ லைன் எடுத்தது யாரு?"

"நீதாம்மா."

"நீங்க மீட்டிங்ல இருக்கீங்கன்னு பொய் சொன்னது?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அதுவும் நீதான்."

"தப்பு என்னோடதுதான் சார். என்ன பட்டன்னு பாக்காம அமுக்கிட்டேன். எனக்குக் கண்ணு தெரியாது. பத்து தடவை ஓகே குடுத்தீங்களே, உங்களுக்கு என்ன சார்?"

சிரிப்பை அடக்கியதில் வயிற்றில் குழந்தை உதைத்தது. ஓகே சார் அசடு வழிந்தார். பத்து நாளும் அங்கேயே திரும்பி வந்தது. அக்கா மறுபடி விண்ணப்பித்தாள். முதுகில் தட்டவில்லை, விரலாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டுத்தான் ஓகே கொடுத்தார்.

பிரசவ அறையில் வலி உச்சிக்குப் போனபோது அக்காவின் கையை நசுக்கிக்கொண்டு கத்தினேன். தலைமாட்டில் என் ஃபோன் மணியடித்தது. ஏதோ அவசரம் என்று நர்ஸம்மா எடுத்துப் பார்த்தார்.

"உங்க அக்காவாம். சாப்பிட்டியான்னு கேக்கறாங்க."

"ஐயோ, நிறுத்த மறந்துட்டேன்டி," என்றாள் அக்கா, கையை விடாமல்.