மாகாண சபைக்காகப் பழகிய கையெழுத்து

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. என் பெயரை மட்டும் எழுதுவேன். அதுவும் மாகாண சபையால் வந்தது.

சில வருடங்களுக்கு முன்னர், கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். நல்ல வெயில். வெள்ளரிப்பழம் வெட்டி, சீனி தூவிக் கொடுத்தேன். முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். புதிய மாகாண சபைத் தேர்தல் சட்டத்தின்படி வேட்பாளர் பட்டியலில் பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

"நீங்க நில்லுங்க ராத்தா."

"அங்க போய் என்னத்தச் செய்ற?"

"ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் கொழும்பப் பாத்துக்கிட்டு ஈக்காம, மாகாணத்துலயே முடிவெடுக்கத்தானே சட்டம் போட்டுத் தந்த."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கவில்லை. "இந்த ஊட்டுல சட்டம் போடுறது இவதான். நல்ல பழக்கம் ஈக்கு."

நான் ஓம் என்றேன். ஆனால் படித்த ஆட்களுக்கு நடுவே கைநாட்டு வைக்க மனம் வரவில்லை. வேட்புமனுவில் கையெழுத்துத்தான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றேன். கணவர் எழுதிக் காட்ட, ரொட்டி மாவைத் தட்டில் பரப்பி விரலால் பழகினேன்.

"இண்டைக்கும் ஒன்ட பேரத்தான் திங்கிறதா?" என்பார்.

பெயர் கைக்கு வந்தது, தேர்தல் வரவில்லை. பெண்களைச் சேர்க்கச் சொன்ன அதே சட்டம், தொகுதி எல்லைகளைப் புதிதாகப் பிரித்த பிறகுதான் தேர்தல் என்றும் சொன்னதாம். எங்கள் ஆட்கள் களப்பில் வலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி ஒரே காலையில் பிரித்துவிட்டு, தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எல்லை பிரிக்கப் போனவர்கள் எந்தப் பக்கம் போனார்களோ. அந்தக் கட்சிக்காரரையும் காணவில்லை. ஒவ்வொரு வெள்ளரிக் காலமும் பார்க்கிறேன்.

போன மாதம், தேர்தலை நடத்தச் சொல்லி மாதர் சங்கத்தார் ஊரிலே மகஜர் ஒன்றுக்குக் கையொப்பம் வாங்கினார்கள். நானும் கணவரும் வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் சங்கத்துச் செயலாளர் மைப்பெட்டியைத் திறந்து என் பெருவிரலைப் பிடித்தாள். நான் விரலை இழுத்துக்கொண்டேன்.

"பேனையத் தாங்க தங்கச்சி."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மைப்பெட்டியை மூடினாள்.

பேனை, மாவைப் போல இலேசில் வழிக்கு வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக இறக்கினேன். பின்னால் வரிசை நீண்டது. கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கெதியா எழுது புள்ள," என்றார். "எலெக்சன் வந்துரப் போகுது."