செருமாமல் இருந்த பத்து நிமிடம்

அந்த லாண்டரிக் கடையில் துணி கொடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையைச் சுற்றித் தரும் பழைய செய்தித்தாளில் அடிக்கடி ஒரு சதுர ஓட்டை இருக்கும். அங்கே இருந்தது ஏதோ ஒரு மருத்துவக் கண்டுபிடிப்புச் செய்தி. அது இப்போது கடைக்காரியின் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. தெருவே இதை அறிந்ததால் அவளுக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

“என்ன விஞ்ஞானியம்மா, இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சிருக்காங்க?” என்று கேட்பார் எதிர்க்கடை மருந்துக்காரர்.

“எலிக்குச் சர்க்கரை குணமாயிடுச்சாம். வழுக்கை எலிக்கு முடி முளைக்குதாம். செவிட்டு எலிக்குக் காது கேட்குதாம். எலியாப் பொறந்திருக்கணும் சார். ஒரு நோய் நொடி கிடையாது.”

அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் வெட்டியதைத் தூக்கிப் போடமாட்டாள்.

காரணம், கடையை இரண்டாகப் பிரித்த தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அவள் கணவர். பதினொரு வருடமாக விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. முதலில் மங்கலான வெளிச்சத்தில் தெரிவது போயிற்று. பிறகு இரண்டு பக்கமும் போயிற்று. இப்போது சாவித் துவாரம் வழியாக உலகத்தைப் பார்க்கிறார். “இந்தக் கண்ணு நோய்தான் எங்க அம்மா விட்டுட்டுப் போன ஒரே சொத்து. அக்காவுக்குக் குடுக்கல, எனக்கு மட்டும் எழுதி வச்சிருக்கா” என்பார். பூட்டு வேலைக்குக் கண்ணைவிட விரல் முக்கியம். அதனால் வாடிக்கையாளர் பலருக்கு அவர் நிலைமையே தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார்.

பார்வை குறைந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது. அவர்தான் நம் முழங்கையைப் பிடித்து, அரை அடி பின்னால் வர வேண்டும். இதை அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். அவர்தான் பிடிக்க மறுத்தார். “தெருவுல பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்க நான் என்ன மாப்பிள்ளையா?” அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. ஒரு செருமல் என்றால் படி. இரண்டு என்றால் இடப்பக்கம் ஏதோ இருக்கிறது. நாக்கால் ஒரு ‘ச்சு’ கொட்டினால் வலப்பக்கம். வருடக்கணக்கில் செருமியதில், மூச்சு விடுவதுபோல அது தானாக வர ஆரம்பித்தது.

அந்தச் செய்தி ஒரு புதன்கிழமை, யாரோ ஒருவருடைய கால்சட்டையைச் சுற்றும்போது கிடைத்தது. இந்த வகை விழித்திரை நோய்க்கு ஒரு புதிய சிகிச்சையை முதல்முறையாக மனிதர்களிடம் சோதிக்கப் போகிறார்கள். பார்வை ஓர் அளவுக்குக் கீழே போனவர்கள் பெயர் கொடுக்கலாம். அவள் கைக்கு வரும் புதுச்செய்தி எல்லாம் எப்படியும் இரண்டு மாதப் பழசு. கடைசி நாளைப் பார்த்தாள். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை. கால்சட்டைக்காரர் காத்து நிற்கட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அங்கேயே நின்று போன் செய்தாள்.

சேதி கேட்டு நாத்தனார் ஓடி வந்தார். “என் தம்பி என்ன உனக்கு எலியா?”

“இல்ல அண்ணி. எலிக்கு எல்லாம் முடிஞ்சுடுச்சு. இப்ப இவங்க முறை.”

“இருக்கிற கொஞ்சமும் போயிட்டா?”

“சும்மா உட்கார்ந்திருந்தாலும் போகத்தான் போகுது. அப்படிப் போறதுக்கு யாருகிட்ட சம்மதக் கையெழுத்து வாங்குறீங்க?”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். அவர் ஒரு பூட்டின் வயிற்றுக்குள் விரலை விட்டபடி, “போய்த்தான் பார்ப்போமேக்கா” என்றார்.

ஆராய்ச்சி மருத்துவமனையில் காலை முழுக்கக் கண் பரிசோதனை. கடைசியாக நடைப் பரிசோதனை. மங்கிய விளக்கு எரியும் ஓர் அறை. தரையில் அம்புக்குறிகள். வழியில் பஞ்சுக் கட்டைகள், ஒரு தாழ்ந்த படி, தலை உயரத்தில் தொங்கும் அட்டை. இடிக்காமல் நடக்க வேண்டும். துணைக்கு வந்தவர் சுவரோரம் நாற்காலியில் உட்காரலாம், பேசக் கூடாது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மெதுவாக, ஆனால் கம்பீரமாக நடந்து முடித்தார். ஒரே ஒரு கட்டைதான் இடித்தது. மருத்துவர், அவர்கள் மகள் வயதுப் பெண், தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“கண்ணைப் பார்த்தா ஒண்ணு சொல்லுது, நடையைப் பார்த்தா வேற சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகலை. மன்னிச்சுக்குங்க, இந்த ஆராய்ச்சியில சேர்க்க முடியாது. ஐயா எதிர்பார்த்ததைவிட நல்லாவே நடக்கிறாங்க.”

‘நல்லாவே’ என்ற சொல்லைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. அவளுக்கோ பதினொரு வருடம் வெட்டிச் சேர்த்தது, தேர்வில் தேறியதால் தோற்றுப்போயிற்று.

பஸ் வந்தது. அவர் காலைத் தூக்கிப் படியில் ஏறினார். அவர் பின்னால் ஏறப்போனவள் அப்படியே நின்றாள். அவர் ஏறுமுன் ஒரு செருமல் வந்திருந்தது. தன் தொண்டையிலிருந்து வந்ததை அன்றைக்குத்தான் அவள் காதால் கேட்டாள்.

“இறங்குங்க.”

“என்னது?”

“இறங்குங்கன்னு சொல்றேன். அந்த ரூமுக்குள்ள நான் செருமினேனா?”

அவர் இறங்கினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் அவர்கள் இல்லாமல் போயிற்று.

“செருமின. ச்சு கொட்டின. நீ கொட்டினதும் நான் மறுபக்கம் ஒதுங்கினேன்.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?”

“அத்தனை பேர் முன்னாடி தட்டுத்தடுமாறி விழணுமா? நல்லா நடக்கிறேன்னு எத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தங்க சொல்றாங்க தெரியுமா?”

அவளுக்கு அது புரிந்தது. ஆனால் புரிந்தது என்பதற்காக விட்டுவிடும் பழக்கம் அவளிடம் இல்லை. “இதுவரைக்கும் விழாம இருந்தது போதும். இனி விழுந்து காட்டுறதுதான் உங்க வேலை. வாங்க.”

அவர் நின்றார். பிறகு கையை நீட்டித் துழாவி, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில்.

மருத்துவர் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை, பேனாவை மூடிவைத்தார். “நல்லவேளை சொன்னீங்க. இப்பவாவது கண்ணும் நடையும் முட்டிக்கிட்டுது, அதனால தெரிஞ்சுபோச்சு. நீங்க கொஞ்சம் குறைச்சுச் செருமியிருந்தா ஆராய்ச்சிக்குள்ளே வந்திருப்பீங்க. சிகிச்சைக்கப்புறம் நல்லாச் செருமியிருந்தா? மருந்து வேலை செஞ்சுதுன்னு நாங்க எழுதியிருப்போம்.”

“அது பேப்பர்ல வந்திருக்கும்,” என்றாள் அவள்.

“வந்திருக்கும்.”

“நான் அதை வெட்டி வச்சிருப்பேன்.” கொஞ்சம் யோசித்தாள். “அப்ப என் டப்பாவுல இருக்கிறதுல எத்தனை செய்தியில யார் யார் செருமினாங்களோ?”

இப்போது மருத்துவர் சிரித்துவிட்டார். “அதைத் தேடித்தாம்மா எங்களுக்குப் பாதி நாள் போகுது. பெரிய டாக்டர்கிட்ட கேட்கிறேன். அனுமதிச்சா நாலு வாரம் கழிச்சு, வேற பாதையில, இன்னொரு தடவை. நீங்க வெளியேதான்.”

அனுமதி கிடைத்தது. நாலு வாரம் கழித்து அவர் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையை உருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

முதல் சத்தம் பஞ்சுக் கட்டை. செருமல் தானாக ஏறி வந்தது, விழுங்கினாள். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் ஏதோ சரிந்தது, யாரோ ஓடும் காலடி கேட்டது. அவள் எழுந்து நின்றாள். கதவின் பிடிவரைக்கும் கை போயிற்று. பூட்டு ரிப்பேர்காரன் பெண்டாட்டிக்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியாதா? பிடியை விட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஐந்து. ஆறு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஏழு.

பத்து நிமிடம் கழித்து அவர் வெளியே வந்தபோது முழங்காலில் தூசி, நெற்றியில் லேசான சிவப்பு.

“ஏழு தடவை. பாஸா, ஃபெயிலா?”

“ஃபெயில். நல்ல ஃபெயில்,” என்று அவர் முகத்தைத் திருப்பி நெற்றியைப் பார்த்தாள். தோல் உரியவில்லை. “வீங்காது. வாங்க.”

ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு உடனே சிகிச்சை, மீதிப் பேர் ஒரு வருடம் சிகிச்சையில்லாமல் கண்காணிப்பில் இருக்க வேண்டும், யார் எந்தப் பாதி என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. இவர் காத்திருக்கும் பாதியில் விழுந்தார். நாத்தனார் கேட்டு அழுதார். “அதிர்ஷ்டம்கெட்ட பயலாச்சே என் தம்பி!”

“அழாதீங்க அண்ணி. இவ்வளவு நாள் எலிக்குப் பின்னாடி வரிசையில நின்னோம். இப்ப முன்னாடி இருக்கிறது மனுஷங்க. அவங்களுக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு நாம போவோம். சரியா வந்தாலும் தெரிஞ்சுக்கலாம், வராட்டாலும் தெரிஞ்சுக்கலாம்.”

மாதம் ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறார்கள். அவள் வராந்தாவில் உட்காருகிறாள், கைக்குட்டையோடு. உள்ளே அவர் இடிக்கிற ஒவ்வொரு இடியையும் எண்ணுகிறாள். போன மாதம் எட்டு. மருத்துவமனையின் வெளிவாசலில் மூன்று படி. அங்கே கைக்குட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, முழங்கையை நீட்டுகிறாள், அவர் பிடித்துக்கொள்கிறார். செருமவும் செய்கிறாள். வாசலுக்கு வெளியே அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை.