தலை தட்டாத மருந்து

சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக் கூட்டை மூக்கருகே கொண்டுபோனால் தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவின் வாசனை வரும். தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு, என் பத்தாவது வயதில், அந்த வாசனைக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பல்கூடத் தேய்க்காமல் ஓடியிருக்கிறேன். கைத்துப்பாக்கிப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர் என்பதால் தனி அனுமதி பெற்றிருந்த சித்தப்பா, அங்கேதான் சுட்ட கூடுகளிலேயே மறுபடி வெடிமருந்தும் ஈயக்குண்டும் ஏற்றித் தன் பயிற்சிக்கான தோட்டாக்களைத் தயாரித்துக்கொள்வார்.

அந்தத் தை மாத ஞாயிறன்று புதிதாக மூன்று 'டை' வந்திருந்தன. டை என்றால் உள்ளே துளையுள்ள எஃகுக் குழல். மேசையில் முடுக்கிய 'பிரஸ்' என்ற அழுத்து இயந்திரத்தின் தலையில் அதைத் திருகிவைத்துக் கைப்பிடியை இழுத்தால், கீழிருந்து கூடு ஏறி அதற்குள் நுழையும். சுட்டதில் உப்பிப்போன கூட்டை முதல் டை ஒடுக்கும், இரண்டாவது வாயைச் சற்று விரிக்கும், மூன்றாவது குண்டை உட்கார வைக்கும். எதை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதிலேயே சித்தப்பாவுக்குப் பாதிக் காலை போயிற்று. நூலளவு திருகுவார், கைப்பிடியை இழுப்பார், ஒற்றைக் கண்ணை மூடிக் குனிவார், "அடியில வெளிச்சம் தெரியுதாடி?" என்று என்னைக் கேட்பார், தெரிகிறது என்றால் இன்னும் நூலளவு. என் கண்ணை நம்பி ஓர் இயந்திரம் நிற்கிறது என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு மரக்கட்டையின் குழிகளில் ஐம்பது கூடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்தை எடைபோட்டு ஊற்றி, எல்லாம் ஒரே மட்டமா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர்க்காரர் கூப்பிட, தொடாதே என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

நான் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு கூட்டின் அடியிலும் ஒரு சிட்டிகைதான், பாதிகூட இல்லை. இரண்டு நாள் முன்புதான் குடவாசல் பக்கம் எங்கள் ஊர்க் களத்தில் அறுவடைக் கூலி அளந்ததைப் பார்த்திருந்தேன். மரக்காலில் நெல்லை அள்ளி மேலே நிற்பதை விளிம்போடு வழித்துவிடுவதைத் 'தலை தட்டுவது' என்பார்கள். அது கஞ்சன் வேலை, கோபுரமாகத்தான் போடவேண்டும். "நம்ம வீட்டு மரக்கா என்னைக்கும் தலை தட்டினதில்ல" என்று அப்பா களத்து நடுவில் நின்று சொல்ல, கூலி நெல்லுக்குச் சாக்கை விரித்துப் பிடித்திருந்த செல்லம்மா, "ஆமாங்க, மரக்காதான் வருஷா வருஷம் சின்னதாப் போவுது" என்றார். களமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தபோதுதானா சித்தப்பாவும் இப்படி அளந்து வைக்கவேண்டும்? டப்பாவில் மருந்து நிறையவே இருந்தது. அங்கே கிடந்த குட்டிக் கரண்டியை எடுத்து, கை போன போக்கில் சில கூடுகளில் இன்னும் கொஞ்சம் போட்டேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று என்ற நினைப்பில் சித்தப்பா மறுபடி பார்க்கவில்லை. குண்டுகளை ஏற்றி மூடினார். மூடியபின் ஐம்பதும் ஒன்றுபோலவே மின்னின. பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த பயிற்சித் திடலுக்குக் கிளம்பிப் போனார்.

அரைமணி நேரத்துக்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவிடம் போய், சித்தப்பா தலை தட்டித்தான் அளந்திருந்தார், நான்தான் நிறைத்து வைத்தேன் என்றேன். அப்பா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். "எதை?" என்றார். சொன்னேன். சித்தப்பாவின் போனுக்கு அடித்தார். அது மாடியில், அந்த மேசைமேலேயே, ஒலித்தது.

ஒரு கன்னத்தில் நுரையோடு அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினார். வழியில் அவர் பேசியது ஒரு தடவைதான். "அது நெல்லு இல்லடி. கூடிப்போனா துப்பாக்கி கையிலேயே வெடிச்சிடும்."

திடல் வாசலில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. உள்ளே சுடுகிறார்கள், யாரும் வரக்கூடாது என்று அர்த்தம். ஒரு வெடிச்சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அடுத்த சத்தம் வந்தால் சித்தப்பா முழுதாக இருக்கிறார்; ஆனால் அடுத்த சத்தம் வரவே கூடாது. பிறகு சத்தம் வரவில்லை. அப்பா கொடியைத் தாண்டி ஓடினார், பின்னாலேயே நானும்.

துப்பாக்கியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, சித்தப்பா மணிக்கட்டை உதறிக்கொண்டு நின்றார். "என்னண்ணே, பாதி மூஞ்சியோட வந்திருக்கீங்க?" என்று சிரித்தார். அப்பா சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. என்னிடம், "எத்தனைல போட்ட?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

"இப்பச் சுட்டது ஒண்ணு கையை உதறிடுச்சுண்ணே. எனக்குத்தான் பிடி தளந்துடுச்சுன்னு நெனச்சேன்."

துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பினார். தோட்டா நிற்கும் ஆறு அறைகளில் ஒன்றின் சுவரில், தலைமுடி விழுந்ததுபோல ஒரு விரிசல்.

மீதித் தோட்டாக்களையெல்லாம் அன்று சாயங்காலம் பிரித்து எடைபோட்டார். நான்கில் மருந்து கூடியிருந்தது. ஐந்து கூட்டில் போட்டேன் என்றுதான் என் கை சொல்கிறது. யாரும் என்னை அடிக்கவில்லை. அறையைப் பூட்டாமல் போனது தன் தப்பு என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிரஸ்ஸையும் டைகளையும் அந்த மாதமே, அனுமதியோடு சேர்த்து, ஒப்படைத்துவிட்டார். விலைக்கு வாங்கும் தோட்டாவை வைத்து எவ்வளவுதான் பழகமுடியும்? போட்டிகளுக்குப் போவதும் தானாக நின்றுபோனது. மாடி அறையில் இப்போது துணி காய்கிறது. ஊர்க் களத்தில் மரக்காலும் இல்லை. இயந்திரம் அறுத்ததைக் கொள்முதல் நிலையத்தில் மின்தராசில் நிறுக்கிறார்கள். நான் பொறியியல் படித்து, ஓர் ஆலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன்; அதற்குக் காரணம் எது என்று யாரும் கேட்டதில்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது சித்தப்பா எதிரே உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்த வலது கையை நான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. தலையைத் தூக்காமலே, சட்னி ஒட்டிய விரல்களை விரித்துக் காட்டினார்.

"அஞ்சும் இருக்குடி. சாப்பிடு."