எழுதிக் குடுங்க டாக்டர்

அந்த ஆஸ்பத்திரியை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. பினாயில் வாடையைச் சொல்லவில்லை, அங்கே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிற மனிதர்களைச் சொல்கிறேன்.

என் அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது. குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். குழாயில் காற்றுதான் வருகிறது, தண்ணீர் பழுப்பாக வருகிறது என்று கத்திக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நம்பர் போட்டுச் சீட்டு கொடுப்பாள். மீதிப் பேரை, "மோட்டார் கோளாறு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று பேசியே அனுப்பிவிடுவாள். அதில் அவள் பலே கெட்டிக்காரி.

ஐம்பதில் மாதவிலக்கு நின்றது. அப்புறம் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். ஜன்னலில் ஆள் நிற்கும்போதே முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டும், எழுதிக்கொண்டிருந்த தெருப்பெயர் மறந்துபோகும். "மேடத்துக்கு ஃபேன் பத்தல போல" என்று பக்கத்து மேஜைக்காரர் இளிப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஒன்றரை வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. நின்றுபோன பிறகு ரத்தம் பட்டால் தள்ளிப்போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே பொது டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பெண்கள் பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று மாதத்தில் மூன்று தடவை அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். முதல் தடவை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். "வயசாகுதில்ல, இப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை. அடுத்த தடவை, "ரொம்ப யோசிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை. மூன்றாவது தடவை என் அண்ணனும் கூடப் போனான். கூடப்பிறந்தவன் என்று நான் பூசி மெழுகப்போவதில்லை, அது ஒரு மண்ணாங்கட்டி. டாக்டர் அவளை விட்டுவிட்டு அவனிடம், "வீட்டுல ஏதாவது டென்ஷனா சார்?" என்றாராம். "ஆமா டாக்டர், எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா" என்றானாம் இந்த மகராசன். ரத்தம் போகிற கதையைச் சொல்லப் போனவளின் கோபத்தைப் பற்றிப் பேசி, இரண்டு பேரும் சிரித்துவிட்டு எழுந்தார்களாம். சீ!

"அண்ணி, அடுத்த தடவை நான் வர்றேன். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்" என்றேன்.

"நீ வாயே திறக்காத. கத்தறவங்கள எப்படி அனுப்பறதுன்னு அவருக்குத் தெரியும். நானே எத்தன பேர அப்படி அனுப்பியிருக்கேன்." புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நெனச்சா எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. எங்க ஜன்னல்ல நாங்க யாரைக் கண்டு பயப்படுவோம் தெரியுமா? 'முடியாதுன்னு எழுதிக் குடு'ன்னு கேக்கறவங்களை."

நாலாவது தடவை நான் கூடப் போனேன். கூடம் நிறைய ஆள். "தீட்டு நின்னுபோன கேஸ் யாரு?" என்று நர்ஸ் அங்கிருந்தே கத்தினாள். ஒருத்தன் விடாமல் திரும்பிப் பார்த்தான். உள்ளே டாக்டர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததை எடுத்துப் பார்த்தார் வேறு.

"மறுபடியுமா?"

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "விலக்கு நின்னு ஒன்றரை வருஷம் கழிச்சு ரத்தம் படுது டாக்டர். இந்த மூணு மாசத்துல பதினோரு நாள் பட்டிருக்கு. ஏன்னு பாக்கணும். பெண்கள் பிரிவுக்கு எழுதிக் குடுங்க."

"இந்த வயசுல ஹார்மோன் அப்படி இப்படித்தாம்மா இருக்கும்."

"சரி டாக்டர். ரத்தம் படுதுன்னு நான் சொன்னதையும், பரிசோதனை வேண்டாம்னு நீங்க சொன்னதையும் எழுதிக் குடுங்க. தேதியும் கையெழுத்தும் போட்டுடுங்க. நான் கெளம்பறேன்."

காது குடைவது நின்றது. நீயாவது சொல்லக் கூடாதா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"நம்பிக்கை இல்லாம எதுக்கு வர்றீங்க?"

"நம்பிக்கை இருக்கு டாக்டர். அதான் எழுத்துல கேக்கறேன்."

சீட்டைக் கிழித்து, கிறுக்கி, மேஜைமேல் விட்டெறிந்தார். பெண்கள் பிரிவுக்குத்தான். மூன்று மாதம் கெஞ்சிக் கிடைக்காதது அரை நிமிடத்தில் கிடைத்தது. அந்த அரை நிமிடத்தில் அவருக்குப் படிப்பு கூடிவிடவில்லை, பயம் வந்துவிட்டது.

ஸ்கேன் எடுத்தார்கள், சதையும் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு கேட்க அண்ணனும் சேர்ந்து மூன்று பேரும் போனோம். கர்ப்பப்பையில் புற்றுநோய். எடுத்துவிடலாம், ஆனால் கொஞ்சம் பரவத் தொடங்கியிருக்கிறது என்றார் அந்தப் பிரிவு டாக்டரம்மா. நல்ல மாதிரிதான், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு, "ஏம்மா, வேலைக்குப் போறவங்கதானே நீங்க? ரத்தம் பட்டவுடனேயே வர வேணாமா? நம்ம பொம்பளைங்களே இப்படித்தான், உடம்பைக் கவனிக்கறதே இல்ல" என்றார்.

"நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் டாக்டர்" என்றான் என் அண்ணன். அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

அண்ணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. "மறுநாளே வந்தேன் டாக்டர். மூணு தடவை வந்து சொன்னேன். ஃபைல்ல பாருங்க" என்றாள்.

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். மூன்று தேதிகள் இருந்தன. மூன்றுக்கும் நேரே ஒரே கையெழுத்தில், ஒரே வரி: நோயாளி குறை எதுவும் சொல்லவில்லை.