நோட்டில் ஏறாத ஏழு தடவை

கட்டிங் மாஸ்டரின் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் 'ரிப்போர்ட்டர்' என்று பெயர். வைத்தவர் டாக்டர். கணவனுக்கு வலிப்பு வந்த நாள், நேரம், எத்தனை நிமிடம், எந்தக் கை முதலில் இழுத்தது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டுவாள். ஒன்பது வருடப் பழக்கம். மாத்திரை விஷயத்தில் அவளிடம் மாஸ்டருடைய பாச்சா பலிக்காது. காலை எட்டு, இரவு எட்டு. விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்லும் ரகம்.

அந்த நோட்டில் மூன்று வருடமாக ஒரு வரிகூட ஏறவில்லை. ஆறு மாதத்துக்கு முன் டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். அப்புறமும் நோட்டு சுத்தமாகவே இருந்தது. நேற்று இன்னும் குறைத்து எழுதிக் கொடுத்து, "இப்படியே போனா மெல்ல நிறுத்திடலாம்மா," என்றார். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இனிப்புப் பெட்டியோடு தையல் கம்பெனிக்கே போய்விட்டாள்.

மாஸ்டர் துணி எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தார். நீள மேசையில் துணி அடுக்கடுக்காக விரித்திருந்தது; அதன் ஓரத்தில் துணி வெட்டும் மின்சாரக் கத்தி. பக்கத்து மேசையில் இருந்த இஸ்திரி அக்கா, டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதியதைக் கேட்டு முகம் மலர்ந்தாள்.

"நல்லதாப் போச்சும்மா. மாத்திரைய மாத்தினா சரியாயிடும்னு நானும் நெனச்சேன். போன வாரம் வந்தது கொஞ்சம் பெருசு."

"எது வந்தது?"

"வலிப்புதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டியை மேசைமேல் வைத்தாளா, கீழே போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. அக்கா மூலையைக் காட்டினாள். வெட்டுத்துணி மூட்டைகளைப் பிரித்துப் பரப்பி, ஆள் படுக்கிற அளவுக்கு மெத்தை போட்டிருந்தார்கள்.

"நீ சொல்லிக் குடுத்தபடிதாம்மா செஞ்சோம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, பட்டனக் கழட்டி, வாயில எதையும் திணிக்காம, கடிகாரத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்போம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மொதலாளிக்குத் தெரிஞ்சா வேல போயிடும்னு என் கையப் புடிச்சு அழுதது நீதானே. உனக்குத் தெரிஞ்சா பயந்துபோய் அவர வீட்டோட நிறுத்திடுவே. அப்புறம் உங்க குடும்பம் என்னாகும்னு நாங்களே பேசி முடிவு பண்ணிட்டோம்."

நல்ல மனசுதான். நல்ல மனசு செய்கிற காரியத்துக்கு யார் மேல் கோபப்படுவது?

"வீட்டுல ஒண்ணுகூட வரலியே. இங்க எத்தன தடவ?"

"மூணு வருஷத்துல ஏழு. அதுல அஞ்சு இந்த ஆறு மாசத்துல."

ஆறு மாதம். மாத்திரையைக் குறைத்த நாளிலிருந்து. வெற்று நோட்டைப் பெருமையாகக் காட்டிக் குறைக்க வைத்ததே தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

தோளில் துணிச்சுருளோடு மாஸ்டர் வந்தார். அவள் சுற்றிவளைக்காமல் கேட்டாள். அவர் சுருளை இறக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"முழிச்சுப் பாத்தா மூலையில கெடப்பேன். அசந்து தூங்கிட்டீங்கன்னு அக்கா சொல்லும். நாக்குல காயம் இருக்கும்."

"சாப்பிடும்போது கடிச்சிட்டேன்னு சொன்னீங்களே."

"சந்தேகம் இருந்துச்சு. கேட்டா ஆமான்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து கேக்கவே இல்ல."

அவளுக்கு அழுகை வரவில்லை. கண் கத்தியின் மேலேயே நின்றது. "கத்தி ஓடும்போது வந்திருக்கா, அக்கா?"

அக்கா தலைகுனிந்தாள். "ஒரே தடவ. போன வாரம். ஓடிப்போய் சுவிட்ச அணைச்சேன்."

"கரண்ட் போச்சுன்னுதானே சொன்னீங்க," என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அன்னிக்கு எனக்கு எதிர்ல துணியப் புடிச்சிருந்தது உங்க பொண்ணாச்சே அக்கா."

"ஆமா மாஸ்டர்." அக்கா தன் சுண்டுவிரல் நுனியை நகத்தால் தொட்டுக் காட்டினாள். "அவ கைக்கும் கத்திக்கும் நடுவுல இவ்வளவுதான் இருந்துச்சு."

மாஸ்டர் எழுந்து போய்க் கத்தியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு முதலாளி அறைப் பக்கம் நடந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று மனைவிக்குத் தெரியும். அவள் தடுக்கவில்லை. போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள்.