பன்றி புரண்ட மண்

சோழபுரத்துக்கு மேற்கே எங்களுக்கு இருந்த நிலம் பேருக்குத்தான் நிலம். விளைந்ததெல்லாம் கோரை. மேலே தெரிகிற புல்லை எவனும் பிடுங்கிவிடலாம். மண்ணுக்குள் கறுப்பு மணிகளாகக் கோத்துக் கிடக்கும் அதன் கிழங்கை என்ன செய்ய? ஒன்றைப் பிடுங்கினால் அறுந்த இடத்திலிருந்து நாலு கிளம்பும். களைக்கொல்லி அடித்தால் செத்ததுபோல் கொஞ்ச நாள் படுத்திருந்துவிட்டு, நாம் கடலை விதைத்த மறுவாரம் நமக்கு முன்னால் முளைத்து நிற்கும். தாத்தா காலமெல்லாம் அதோடு மல்லுக்கட்டி, தோற்றுத்தான் போய்ச் சேர்ந்தார்.

அந்த நிலம் இரண்டு துண்டு. நடுவில் ஒரு வாய்க்கால். வண்டிப்பாதையை ஒட்டி இருந்தது கீழ்த்துண்டு. அதன் வரப்பில் நடந்துதான் மேல்துண்டுக்குப் போக முடியும், வேறு வழி கிடையாது. தாத்தாவுக்குப் பிறகு இரண்டும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவில் கிடந்தன. சித்தப்பா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நாள் முழுக்க வெள்ளைத் துணிக்கு நடுவே நிற்கிறவர் என்பதாலோ என்னவோ, அவர் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அப்பா ராணுவத்தில் நாகாலாந்துப் பக்கம் இருந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு பன்றி வளர்ப்பதைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்ததும் வெண்பன்றிக் குட்டிகளை வாங்கிவந்து கீழ்த்துண்டில் ஒரு கொட்டகை போட்டார். அதோடு போச்சு எங்கள் மானம். நாங்கள் வேதக்காரர்கள்தான். கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி என்றால் எங்கள் சபையில் முதல் பந்தியில் உட்காராதவர் யார்? ஆனால் கறி வேண்டும், பன்றி வேண்டாம். பன்றி வளர்க்கிறவன் வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேரே மாறிப்போனது. ஐந்தாம் வகுப்பில் என்னை என் பேர் சொல்லிக் கூப்பிட்டது டீச்சர் மட்டும்தான்.

தீவன மூட்டை வாங்கி மாளாது என்று அப்பா ஒரு வேலை செய்தார். மழைக்கு முன்னால் மண்ணுக்குப் பசுந்தாள் உரமாக விதைக்கிற எல்லாவற்றையும் கலந்து கீழ்த்துண்டில் விதைத்தார்: சணப்பு, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, கம்பு. எல்லோரும் அதைப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவார்கள். அப்பா உழவில்லை. கம்பிவலையால் ஒரு பட்டி அடைத்து, அதற்குள் பன்றிகளை விட்டார். ஒரு பட்டி மேய்ந்து முடிந்ததும் வலையைப் பிடுங்கி அடுத்த இடத்தில் நட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அங்கேதான் வேலை. எந்தப் பன்றி எதில் வாய் வைக்கிறது என்று பார்த்து அப்பாவிடம் சொல்லவேண்டும். பன்றி கண்டதையும் தின்னும் என்று சொல்கிறவர்கள் பன்றியைப் பார்த்ததே இல்லை. அதுகளுக்கு இருந்த நாக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. உள்ளே விட்டதும் நேரே தட்டைப்பயற்றுக்குத்தான் ஓடும். இலை, கொடி, பிஞ்சு என்று எதையும் மிச்சம் வைக்காது. அது தீர்ந்தால் கம்புக் குருத்து. தக்கைப்பூண்டில் நுனியை மட்டும் கிள்ளித் தின்னும். சணப்பை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவ்வளவும் மேலே நடக்கிற விருந்து. இதெல்லாம் முடிந்த பிறகு, மூக்கை மண்ணுக்குள் நுழைத்து உழ ஆரம்பிக்கும். முதலில் புழுவைத் தேடுகின்றன என்றுதான் நினைத்தோம். ஒருநாள் பெரிய தாய்ப்பன்றி வாயை அசைக்க நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் வாயோரம் கோரைக்கிழங்கு.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாத்தா சாகும்வரை நடக்காத காரியத்தைப் பன்றி மூக்காலேயே செய்துகொண்டிருந்தது. மறுபடி விதைத்தார், மறுபடி மேய விட்டார். இரண்டு மழை போனதும் கீழ்த்துண்டில் மண்வெட்டி போட்டால் பொலபொலவென்று மண் மட்டும் வந்தது. அடுத்து மேல்துண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குக்கூடப் பன்றிமேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. கடலை போட்டு எனக்கொரு கம்மல் எடுக்கலாம் என்று என் காதைப் பிடித்துப் பார்த்தாள்.

அப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கம், சந்தோஷத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. அந்தத் தடவை சித்தப்பா வந்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கீழ்த்துண்டுக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். சித்தப்பா மூக்கில் கைக்குட்டையை வைத்தவர் எடுக்கவே இல்லை. நாற்றம் தாங்கல, நம்ம குடும்பத்துப் பேரே போச்சு என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே சொன்னார். அப்பா காதில் போட்டுக்கொள்ளாமல் இங்கே ஒரு வெட்டு, அங்கே ஒரு வெட்டு என்று வெட்டிக் காட்டினார். சித்தப்பா ஒரு இடத்தில் மட்டும் குனிந்து, மறு கையால் ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தார். பிறகு வாய்க்காலில் வெகுநேரம் கை கழுவினார்.

கொஞ்ச நாளில், நிலத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அவரிடமிருந்து போன் வந்தது.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் தனக்கு வேண்டியதை முதலில் எடுப்பான். பங்கு வைக்கிறவன் எதைப் பெரிதாக வைத்தாலும் அது தம்பிக்குத்தான் போகும் என்பதால் யாரும் கூடக்குறைய வைக்க மாட்டார்களாம். என்ன நியாயமான ஏற்பாடு!

அம்மா இரண்டு துண்டையுமே நீளவாக்கில் பாதியாகப் பிரித்து வைக்கச் சொன்னாள். நல்லதிலும் பாதி, கோரையிலும் பாதி ஆளுக்கு வரட்டும் என்றாள். அப்பா கேட்கவில்லை. வாய்க்காலே எல்லையாக இருக்கும்போது எதற்குக் கயிறு பிடிப்பது, ஆளுக்கொரு துண்டு என்று வைத்தால் போதும் என்றார்.

"பன்னி புரண்ட மண்ணுல அவன் காலு வைப்பானாட்டி? மூக்குல இருந்து துணிய எடுத்தானா பாத்தியா? மேல்துண்டத்தான் எடுப்பான். நீ சும்மா இரு."

தம்பியின் அருவருப்பை அவர் அவ்வளவு நம்பினார். நாலு வருஷம் அந்த அருவருப்பைத் தின்று வாழ்ந்த மனுஷன், அது ஒரு நாளாவது தனக்கு உதவும் என்று எண்ணிவிட்டார். பாவி மனுஷன்.

பாகம் பிரித்தது எங்கள் வீட்டில்தான். சாட்சிக்குச் சபைப் பெரியவர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஜெபம் பண்ணி ஆரம்பித்தார்கள். அப்பா, மேல்துண்டு ஒரு பங்கு, கீழ்த்துண்டு ஒரு பங்கு என்று சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். சித்தப்பா யோசிக்கவே இல்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கீழ்த்துண்டு தனக்கு என்றார்.

அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. கீழ்த்துண்டில் என்ன இருக்கிறது, வெறும் மண். மேல்துண்டில் அல்லவா தோண்டத் தோண்டக் கிழங்கு! சித்தப்பா ஏமாந்துவிட்டார் என்று நினைத்து நடுவீட்டில் நின்று சொன்னேன்.

"நம்ம பன்னிக்கு இனிமே எம்புட்டு வேணும்னாலும் கோரை கெடக்குப்பா."

பெரியவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அம்மா உள்ளேயிருந்து வந்து, பளாரென்று என் கன்னத்தில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள். எதற்கு அடித்தாள் என்று விளங்காமல் கதவோரம் நின்று அழுதேன். அங்கே நின்றபடிதான் சித்தப்பா அடுத்துச் சொன்னதைக் கேட்டேன். மேல்துண்டுக்கு என் வரப்பு வழியாத்தானே போகணும், அதுக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று பெருந்தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஆளு போகட்டும், மாடு போகட்டும், டிராக்டர் போகட்டும்ணே. பன்னி மட்டும் என் வரப்புல காலு வைக்கக் கூடாது. வெள்ளாம பண்ணப்போற எடம் பாத்துக்கிடுங்க."

அது நியாயம்தான் என்றார் ஒரு பெரியவர். மற்றவர் ஜெபத்தோடு முடித்தார். அப்பா வாசல் வரை போய்த் தம்பியை வழியனுப்பிவிட்டு வந்தார். இன்றுவரை எங்கள் ஊரில் சித்தப்பாவை ஒரு சொல் குறை சொல்ல ஆளில்லை. முறைப்படி நடந்த பாகம், அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

பன்றிகளை நிறுத்த இடமில்லை. செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரி ஒன்று வந்தது. குட்டிகளைத் தூக்கிப் போட்டார்கள். பெரிய தாய்ப்பன்றி மட்டும் பலகையில் ஏற மறுத்து வீச்சுவீச்சென்று கத்தியது. தடியோடு வந்தவர்களை அப்பா விலக்கிவிட்டு, ஒரு கட்டு தட்டைப்பயற்றுக் கொடியைக் கொண்டுவந்து அதன் மூக்குக்கு முன்னால் நீட்டியபடி பின்னோக்கி நடந்து லாரியில் ஏறினார். அது தின்றுகொண்டே அவர் பின்னால் ஏறிவிட்டது. அவர் மட்டும் இறங்கிவந்தார்.

லாரி போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் வாய்க்காலோரம் நின்றிருந்தோம். எதிரே மேல்துண்டு பச்சைப்பசேலென்று கோரை மண்டிக் கிடந்தது. அவ்வளவும் வீணாய்ப் போகிறதே என்று எனக்கு ஆற்றாமை.

"இனிமே இதெல்லாம் யாருப்பா தோண்டுவா?"

"நாமதாம்மா."

அப்பா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.