சாக்ஸபோன்காரர் வராத சனிக்கிழமை

லண்டனில் யோகராஜா அத்தானுக்கு முதன்முதலாகச் சொந்தமானது ஒரு பெட்டி இசைத்தட்டு றெக்கோட்டுகள்தான். 1984இல் லூயிஷாமில் அவர் வாடகைக்கு எடுத்த அறையில் முன்பு இருந்தவர் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனவை. ஜாஸும் சிம்பொனியும் கலந்து கிடந்தன. பாஷை விளங்காத ஊரில் பாஷையே தேவைப்படாத இசை அவருக்குப் பிடித்துப் போயிற்று. பிறகு சிடி வந்து, சனம் பழைய தட்டுகளைத் தூக்கி எறியத் தொடங்கியபோது அத்தான் பொறுக்கத் தொடங்கினார். ரெய்னர்ஸ் லேனில் வாங்கிய வீட்டில் கட்டிலுக்கு முன்னமே தட்டுகள்தான் குடிபுகுந்தன.

என் அக்கா சிவனேஸ்வரிக்கு அதெல்லாம் பூனைச் சண்டை. அதனால் பெற்றோல் செட்டில் வேலையில்லாத சனிக்கிழமைகளில் அத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது. செவிட்டு மனுசன் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அந்தப் பாழாய்ப்போன பகிடி பலிக்குமென்று யார் கண்டது?

1992இல் ஒரு சனிக்கிழமை நான் போனபோது அத்தான் ஹெட்போனைக் கையில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் வாங்கியதாம், அதற்குள் இடப்பக்கம் செத்துவிட்டதாம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானாம். அந்த ஜாஸ் தட்டில் சாக்ஸபோன் முழுக்க இடப்பக்கம், ட்ரம்ஸ் முழுக்க வலப்பக்கம். ட்ரம்ஸ் கேட்கிறது, சாக்ஸபோன்காரர் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று சிரித்தார். ஊசியை மாற்றிவிட்டார், வயரையும் மாற்றிவிட்டார். என்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

"நல்லாக் கேக்குதே அத்தான். இடப்பக்கம்தான் சாக்ஸபோன் கிழிக்குது" என்றேன்.

அவர் ஹெட்போனை வாங்கி இடம் வலம் மாற்றிப் போட்டார். இப்போது சாக்ஸபோன் வந்துவிட்டது, ட்ரம்ஸ்காரரைக் காணவில்லை. அத்தான் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்தார்.

"பழுதானது இது இல்லை, தம்பி" என்றார். "அக்காவுக்குச் சொல்லிப்போடாதை."

டொக்டரிடம் போவோம் என்றேன். மாட்டேன் என்றார். அவரோடு வேலை செய்த யாக்கோப்பு, மண்டைக்குள் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவனுக்கும் தொடக்கம் ஒரு காதுதான். போகாவிட்டால் கட்டி இல்லை என்று இருக்கலாம் என்பது அத்தானுடைய கணக்கு. எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிடப் பயம் கூடுதலாக வந்தது. என் வயிற்றில் எதுவும் தங்காது, அன்றே அக்காவிடம் போட்டு உடைத்தேன்.

அவள் அதிரவில்லை. தைப்பொங்கலிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவருக்குக் கேட்கிற வலப்பக்கமாகவே தான் இருந்து சாப்பிடுவதைக் கவனிக்கவில்லையா என்று கேட்டாள். தானாகச் சொல்லுவார் என்று பார்த்திருந்தாளாம். கேட்டால் என்ன பதில் வருமோ என்று அவளுக்கும் பயம்.

அடுத்த கிழமை அவள்தான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கான் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அந்த வீட்டில் ஒரு தட்டும் சுழலவில்லை. அத்தான் மேசையை விரலால் தட்டித் தட்டி, வலக்காது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டி இல்லை. ஆனால் இடக்காது இனித் திரும்பாது. ஏன் போனது என்று டொக்டருக்கும் தெரியவில்லை. வலக்காதும் போகுமா என்று அத்தான் கேட்டதற்கு, போகாது என்று அடித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

இப்போது ஹெட்போன் இல்லை. ஸ்பீக்கரில் வீடு முழுக்கப் பூனைச் சண்டை. ஆனால் தட்டு முடிந்து சத்தம் நின்றவுடன் அத்தான் உட்கார்ந்திருக்கும் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். நின்றது தட்டா, காதா என்று அந்த ஒரு கணத்தில் அவருக்குத் தெரிவதில்லை.

அதனால் அக்கா எந்த வேலையில் இருந்தாலும் ஒவ்வொரு தட்டையும் கடைசிவரை கேட்கிறாள். சத்தம் நின்றதும் சமையலறையிலிருந்து அவரைக் கூப்பிட்டு உரக்கச் சொல்கிறாள்:

"தட்டுத்தான் முடிஞ்சது, இஞ்சேருங்கோ."